அடிக்கு ஒரு நூல்

காலை ஆறு மணி இருபது நிமிடம். எருமப்பட்டிக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையின் தீவனக் கொட்டகை. தார்ப்பாயை இழுத்துப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பித்தளைத் தகடு. ஒரு சாண் அகலம், நான்கு மூலையிலும் ஆணி, தேய்த்துத் தேய்த்து மஞ்சளாகியிருந்தது. அதில் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பெயரும் ஊரும் ஓர் எண்ணும். தகட்டுக்குப் பின்னால் இன்ஜின். படுத்த வாக்கில் ஒற்றைச் சிலிண்டர், இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்கு ஃபிளைவீல், பச்சைப் பெயின்ட். சிலிண்டரின் முகத்தை மூடும் ஹெட் மட்டும் மாட்டப்படவில்லை. புதிதாக வார்த்த ஹெட் பக்கத்தில் ஒரு பலகை மேல் கிடந்தது.

பண்ணைக்காரர் கார்த்திகேயனுக்கு நாற்பத்திரண்டு வயது. முட்டை வியாபாரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்த இன்ஜினோடுதான். பல கை மாறித் துருப்பிடித்துக் கிடந்ததை ஒரு கரும்பாலையிலிருந்து வாங்கி வந்து இரண்டு வருடமாகக் கழற்றிக் கழுவி மாட்டியிருக்கிறார். பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் கோயம்புத்தூரில் கண்காட்சி ஒன்று நடத்துகிறார்கள். அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் கேஸ் இன்ஜின் நம் பக்கத்தில் வேறு எவரிடமும் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை. கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. விண்ணப்பப் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஹெட் பொருந்தவில்லை.

“ஆறு போல்ட்டுல ரெண்டுதானுங்கம்மா உள்ள போவுது. மிச்சம் நாலும் முட்டுது” என்றார் கார்த்தி. “ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டா ஆச்சுன்னு லேத்துக்காரர் சொல்றாரு. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும்.”

அவர் மனைவி அந்த நேரத்தில் காபி கொண்டு வந்தார். “தெம்பு நல்லாத்தானுங்க இருக்குது. கோழிக்குத் தீவனம் தீந்தா இவருக்குத் தெரியாது. இன்ஜினுக்குக் கிரீஸ் தீந்தா தூக்கத்துலயே தெரியும்.”

என்னை ஏன் கூப்பிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். சேலத்தில் ஓர் இன்ஜின் பட்டறையில் முப்பத்தேழு வருடம் அளவெடுத்து வரைபடம் போட்டேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் கையில் ஸ்கேன் மெஷின் வைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் பழைய வேலையைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். பொதுவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எருமப்பட்டிக்குப் போய் வந்த பிறகு, எழுத வேண்டியது ஒரே ஓர் இன்ஜினைப் பற்றித்தான் என்று ஆகிவிட்டது.

ஐ.டி.ஐ.யில் வரைபடப் பிரிவில் இரண்டு வருடம் படித்தேன். வகுப்பில் மூன்று பெண்கள். மற்ற இருவரும் அரசு அலுவலகங்களுக்குப் போனார்கள். நான் செவ்வாய்ப்பேட்டைக்கு அடுத்திருந்த இந்தப் பட்டறைக்கு வந்தேன். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஆகியவற்றில் ஓடிய பழைய இன்ஜின்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. செய்த கம்பெனிகள் பலவும் மூடிவிட்டன. உதிரி பாகம் வராது. உடைந்த துண்டு சாக்குப்பையில் வரும். நான் அதை அளந்து வரைவேன். பவுண்டரியில் வார்ப்பார்கள். லேத்தில் கடைந்து மாட்டுவார்கள்.

இந்த வேலையில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். உருக்கிய இரும்பு ஆறும்போது ஓர் அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் மணலில் பதிக்கும் மர மாதிரியை அடிக்கு ஒரு நூல் பெரிதாகச் செய்வார்கள். மர மாதிரி செய்யாமல், இருக்கிற இரும்பையே மணலில் பதித்து வார்த்தால், வருகிற பொருள் மூலத்தைவிட அடிக்கு ஒரு நூல் சிறிதாக இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. டேப்பால்தான் தெரியும்.

எங்கள் ஃபோர்மேன் நடேசன். அரைக்கை வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஒரு துணி. அளவெடுக்கும் காலிப்பரைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கழுவிய கையை உதறமாட்டார், துடைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, அளவை வாயால் சொல்வதற்கு முன் தாளில் எழுதிவிட வேண்டும். “எழுதிட்டுச் சொல்லும்மா. சொல்லிட்டு எழுதினா, சொன்னதைக் காப்பாத்தத்தான் எழுதுவே” என்பார். இரண்டாவது, எந்த அளவு வர வேண்டும் என்பதை அளக்கிறவரிடம் சொல்லவே மாட்டார். கம்பெனிக் கேட்டலாக்குகள் அவருடைய பீரோவில் இருக்கும். அளவுத்தாள் கைக்கு வந்த பிறகுதான் பீரோவைத் திறப்பார். எதிர்பார்த்தது தெரிந்தால் கை அதையே எடுக்கும் என்பது அவர் கணக்கு.

அளவுத்தாளில் ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கட்டம். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுவது இயல்பு.

எங்கள் டேப்பின் நுனி கிழிந்திருந்தது. அதனால் ஓர் அங்குலக் கோட்டிலிருந்து பிடித்து அளந்து, வந்ததில் ஓர் அங்குலத்தைக் கழித்து எழுதுவது பட்டறை வழக்கம். சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு சேகோ ஆலைத் தண்டுக்குக் கழிக்க மறந்துவிட்டேன். தண்டு ஓர் அங்குலம் நீளமாக வந்தது. லேத்தில் கடையும் டர்னர் துரை அதைத் தோளில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

“நீளமா வந்தாப் பரவால்லீங்க அம்மிணி, வெட்டிக்கலாம். நாளைக்குக் குட்டையா வந்துச்சுன்னா நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் புடிச்சு இழுக்கோணும்.”

பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து டேப்பைத் தொட்டாலே கழித்தோமா, இல்லையா என்ற சந்தேகம் எனக்கு.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த இன்ஜின் வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. மின்வெட்டு கடுமையாக இருந்ததால் ஒரு சேகோ ஆலைக்காரர் மூலையில் போட்டிருந்த கேஸ் இன்ஜினை மறுபடி ஓட்ட நினைத்தார். உயரமான இரும்புப் பீப்பாயில் கரியை அரைகுறைக் காற்றில் எரித்தால் ஒரு வாயு வரும். அதை இன்ஜினே உறிஞ்சிக்கொண்டு ஓடும். பேரிங் தேய்ந்திருந்ததால் எங்களிடம் அனுப்பினார்கள். பெட் என்று நாங்கள் சொல்லும் அடிப்பீடத்தின் மூலையில் வேலை எண்ணை உளியால் நான்தான் அடித்தேன். 412. தகட்டில் இங்கிலாந்துப் பெயர். பேரிங் அளவுத்தாளைக் கொடுத்த பிறகு, நடேசன் எடுத்துப் பார்த்த கம்பெனிக் கேட்டலாக்கைப் பீரோவில் திருப்பி வைக்கச் சொன்னபோது, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பெட் நீளம் சரியாக ஆறு அடி.

இரண்டு நாள் கழித்து, ஒரு பவுண்டரி முதலாளி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் குழந்தைவேலு. ஐம்பதை நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு, முன்கையில் நெருப்புத் தழும்புகள். முதலாளி நடேசனிடம் சொன்னது இதுதான்: தன் பவுண்டரிக்குத் தலைமை வார்ப்பாளர் ஒருவர் வேண்டும், சுற்றிலும் தண்ணீர் ஓடும்படி இரட்டைச் சுவர் வைத்துச் சிலிண்டர் வார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இந்த ஆள் தெரியும் என்கிறார்.

“எங்கடா வார்த்தேன்னு கேட்டா, உங்க பட்டறையில நிக்குதுன்னு கூட்டியாறானுங்க.”

குழந்தைவேலு இன்ஜினைக் காட்டினார். “இதுதானுங்க. என்ற இருவதாவது வயசுல வார்த்தது.”

முதலாளி குனிந்து தகட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “இங்கிலீஷ் தெரியுமா உனக்கு?” என்றார்.

“படிக்கத் தெரியாதுங்க. வார்க்கத் தெரியும்.”

நடேசன் சிரிக்கவில்லை. குழந்தைவேலுவைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, “சரோஜா, 412 பெட் நீளம் எடும்மா. மூணு தடவை” என்றார்.

டேப்பின் ஓர் அங்குலக் கோட்டைப் பெட்டின் ஓரத்தில் வைத்து ஒரு செங்கல்லால் அழுத்திவிட்டு மறுமுனைக்குப் போனேன். ஆறு அடி கால் அங்குலம் என்று காட்டியது. ஒன்றைக் கழித்தால் ஐந்து அடி பதினொன்றேகால். கேட்டலாக்கில் ஆறு அடி. செங்கல் நகர்ந்திருக்குமோ, நுனியிலிருந்தே பிடித்துவிட்டேனோ என்று யோசித்தேன். அப்படியானால் கழிக்கத் தேவையில்லை. கால் அங்குலம் என்பது துருவும் பெயின்டும். போன வாரம் தண்டைத் தோளில் தூக்கி வந்தவர் எதிரே லேத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் மறுபடி அளக்கவில்லை. மூன்று கட்டத்திலும் ஆறு அடி என்று எழுதினேன்.

நடேசன் தாளை வாங்கிப் பார்த்தார். “மூணும் ஒண்ணா?”

“ஆமாங்க சார்.”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து கேட்டலாக்கைப் பார்த்தார். முதலாளி பக்கம் திரும்பி, “கம்பெனி அளவோடு சரியா இருக்குதுங்க” என்றார்.

“புளுகுனாலும் பொருந்தப் புளுகோணும் குழந்தைவேலு” என்றார் முதலாளி.

“நானே ஒருக்காப் புடிச்சுப் பாக்கட்டுங்களா?”

“வண்டி நிக்குது. வா.”

இருவரும் போனார்கள். பேரிங் வேலை முடிந்து இரண்டாம் நாள் இன்ஜினும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து நடேசன் ஒரு புதிய முறை கொண்டுவந்தார். மூன்று அளவையும் ஒரே கோட்டிலிருந்து எடுக்கக் கூடாது. முதல் முறை ஓர் அங்குலக் கோட்டிலிருந்து, அடுத்தது இரண்டிலிருந்து, மூன்றாவது மூன்றிலிருந்து. டேப் காட்டுவதை அப்படியே எழுத வேண்டும். கழிப்பது வேறொருவர். அப்போது மூன்று கட்டத்திலும் மூன்று வெவ்வேறு எண் வரும்; ஒன்றைப் பார்த்து மற்றதை எழுத முடியாது. காரணம் கேட்டதற்கு, “டேப்பு ஒரே இடத்துல தேயுதும்மா” என்றார்.

அந்த முறையால் எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர் வந்தது. ராசிபுரத்தில் ஓர் அரிசி ஆலை இன்ஜினுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை கிராங்க் ஷாஃப்ட் உடைந்துகொண்டிருந்தது. மூன்று அளவையும் கழித்த பிறகும் அவை ஒத்துப்போகவில்லை. என் கையை மட்டும் சந்தேகப்படாமல் பெட்டைச் சந்தேகப்பட்டோம். பெட் முறுக்கியிருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகு ஷாஃப்ட் உடையவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காரணம் கேட்டவர்களிடம் டேப் தேயும் என்றுதான் சொன்னேன். நடேசன் ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் காலமானார்.

எருமப்பட்டிக்கு வருகிறேன். கார்த்தி லேப்டாப்பைத் திறந்து காட்டினார். புது ஹெட் வார்ப்பதற்கு முன் இரண்டு பையன்களை வரவழைத்து இன்ஜின் முழுவதையும் ஸ்கேன் செய்திருக்கிறார். இன்னொரு பக்கம், வெளிநாட்டு இன்ஜின் பிரியர் ஒருவர் இங்கிலாந்துக் கம்பெனியின் பழைய வரைபடத்தை அனுப்பியிருந்தார்.

“ஸ்கேன்ல ஒரு சின்னத் தப்பு வந்துச்சுங்க. எல்லாமே ஒரு சதம் குறைச்சலாக் காட்டுச்சு. பசங்க அதைக் கம்ப்யூட்டர்லயே ஒரு சதம் பெருசாக்கி வரைபடத்தோட சேத்துட்டாங்க. அந்த அளவுக்குத்தான் ஹெட்டு வார்த்தது.”

“எல்லாமேன்னா?”

“வார்த்தபடியே உட்ட எடமெல்லாமுங்க. ஃபிளைவீல் ஆரம், பெட்டு, கால், போல்ட்டு எடம், எல்லாமே. மெஷின்ல கடைஞ்ச எடம் மட்டும் கரெக்டு.”

கை கழுவ இடம் கேட்டேன். டேப்பை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று அங்குலக் கோடுகளிலிருந்து பெட்டை அளந்தேன். கார்த்தி கழித்தார். ஐந்து அடி பதினொன்றேகால். மறுபடி அதுவே. மூன்றாவது முறை ஒரு மயிரிழை கூட. ஆறு அடிக்கு ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம் குறைவு. ஃபிளைவீலின் உள்பக்கத்தை அளந்தேன். நான்கு அடிக்கு நான்கு நூல் குறைவு. பிறகு ஒரு பழைய பிளேடு வாங்கி, பெட்டின் மூலையில் பச்சைப் பெயின்டைச் சுரண்டினேன். 412.

“ஸ்கேன் சரிங்க கார்த்தி” என்றேன். “வரைபடந்தான் வேற இன்ஜினோடது. ஒரு இங்கிலீஷ் இன்ஜினைப் பிரிச்சு, அதையே மணல்ல பதிச்சு வார்த்தது இது. தகடு எங்கிருந்தோ கழட்டி வெச்சது.”

அவர் ஒரு முட்டை அட்டையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார். “டூப்ளிகேட்டுங்களா? டூப்ளிகேட்டுக்கா நான் ரெண்டு வருசம் மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவுனேன்?”

“ஓட்டையைப் பெருசு பண்ணாதீங்க. இந்தப் பக்கம் சுவருக்குள்ள தண்ணி ஓடுது. ஒரு நூல் தள்ளிப்போனா போல்ட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல காகிதம் கனங்கூட இரும்பு இருக்காது. ஓட்டினா வெடிக்கும்.”

“அது சரிங்கம்மா. ஃபாரத்துல தயாரிச்சவர்னு கேக்குறானே. என்னன்னு எழுதறது? கோயமுத்தூர்ல நாலு பேரு சிரிப்பானுங்க.”

எழுத வேண்டிய பெயருக்குரியவர் சேலம் அம்மாபேட்டையில் இருக்கக்கூடும் என்று சொன்னேன். பிறகு அந்த மூன்று கட்டங்களைப் பற்றியும் சொன்னேன். நான் முடித்ததும், “அப்ப பசங்க பண்ணுன அதே வேலையை நீங்க அப்பவே பண்ணிட்டீங்க” என்றார். ஆமாம் என்றேன்.

டர்னர் துரைக்குப் போன் செய்தேன். அவருக்குத் தெரு தெரிந்திருந்தது. மறுநாள் பதினொரு மணிக்குக் கார்த்தியும் நானும் போனோம். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த வீட்டில், இரும்புக் கட்டிலில் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். எண்பத்தேழு வயது. காது நன்றாகக் கேட்டது. மருமகள் நாற்காலி போட்டுவிட்டு, மாமனாரைப் பார்க்க வந்திருப்பவர்கள் யார் என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றார்.

பட்டறையின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். பெட்டை மறுபடி அளந்ததையும் வந்த அளவையும் சொன்னேன். “அன்னைக்கு நான் ஒரு தடவைதான் அளந்தேனுங்க. வந்ததை எழுதலை. புஸ்தகத்துல இருந்ததை எழுதினேன்.”

“தெரியும் அம்மிணி” என்றார். “ஜன்னலோரம் நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன். செங்கல்ல ஒருக்காத்தான் வெச்சீங்க. மூணு தடவ பேனா ஓடுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே. அங்க சொல்லுல. அந்தாளு வண்டியில ஏறிட்டான். மக்யா நாளு உங்க ஃபோர்மேன் சைக்கிள்ல வர்றப்ப வழியில நிறுத்திச் சொன்னேன்.”

நடேசன் அந்த மறுநாள் காலையே, நான் பட்டறைக்கு வருவதற்கு முன், டேப்பை எடுத்துத் தனியாக அளந்திருக்கிறார். முந்தின நாள் அறைக்குள் குழந்தைவேலு அவரிடம் சொன்ன அளவே வந்திருக்கிறது: ஆறு அடிக்கு ஆறு நூல் குறையும் என்று. அவர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அம்மாபேட்டைக்கு வந்து, குழந்தைவேலுவையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பவுண்டரிக்குப் போயிருக்கிறார். இவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

“போறதுக்கு எட்டு நாளு ஆயிப்போச்சு. நடுவுல அவருக்குக் காய்ச்சல். முதலாளி கடுதாசியப் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தாராம். சரிதான், ஆனா கோயமுத்தூர்ல இருந்து ஆள் வந்து சேந்துட்டான், அவனைப் போகச் சொல்ல முடியாதுன்னாராம். நாயந்தானே.”

“கடிதம் இருக்குங்களா?” என்று கார்த்தி கேட்டார்.

“அதை வெச்சு என்ன பண்றது சாமி. வீடு ஒழுகி மழையில நனஞ்சு போச்சு.”

தறிச்சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அவரே தொடர்ந்தார். “திரும்பி வர்றப்ப உங்க ஃபோர்மேனைக் கேட்டேன், அந்தப் புள்ளைய வைதீங்களான்னு. இல்லீங்க, டேப்பு புடிக்கிற முறையை மாத்தப்போறேன், இனி பாக்காம எழுத முடியாதுன்னாரு.”

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மருமகள் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு என்ன வேலை செய்தார் என்று கேட்டேன்.

“எடைக்கல்லு. அஞ்சு கிலோ, பத்து கிலோ. இருவத்தாறு வருசம்.”

கார்த்தி படிவத்தை எடுத்தார். “அப்புச்சி, இதுல உங்க பேரை எழுதிக்கிறனுங்க. தயாரிச்சவர் குழந்தைவேலு, சேலம்.”

“அதெப்படி? நான் மணல் இடிச்சேன், உள்ள குழிவு வர்றதுக்கு மணல் கோர் வெச்சேன். உருக்குனது வேற ஆளு. கடைஞ்சது ரெண்டு பேரு. அன்னைக்கு நான் வார்த்தேன்னு சொன்னது வேலை வேணும்னு சொன்னது. பதினோரு பேரு சேந்து வார்த்தோம். மரத்துல மாதிரி செய்ய ஆசாரி இல்ல. மூல இரும்பு மேல, மெஷின் புடிக்கிற எடத்துல மட்டும் மாட்டுத்தோலை ஒட்டிக் கனம் ஏத்துனோம். அதான் கடைஞ்ச எடம் சரியா இருக்குது, கடையாத எடம் குறையுது.”

“பதினோரு பேரும் சொல்லுங்க, எழுதறேன்.”

அவர் விரல்விட்டு எண்ணினார். ஏழு பேருடைய பெயர்தான் வந்தது. எட்டாவது ஆளுக்கு இடது கண் தெரியாது என்பது நினைவிருந்தது, பெயர் வரவில்லை. படிவத்தில் தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. கார்த்தி அதில் “தனித்தாள் காண்க” என்று எழுதினார்.

காரில் திரும்பும்போது கேட்டேன், கோயம்புத்தூரில் சிரிப்பார்களே என்று.

“சிரிக்கட்டுமுங்க. அவனுங்ககிட்ட இருக்கறது எல்லாம் காசு குடுத்தா வர்ற இன்ஜினு” என்றார்.

புது ஹெட்டுக்கு நான் வரைபடம் போட்டேன். கையால், பென்சிலில். இன்ஜினின் அளவை எடுத்து, மர மாதிரிக்கு அடிக்கு ஒரு நூல் கூட்டினேன். ஒற்றைப் பொருளை வார்த்துத் தர இப்போது பெரிய பவுண்டரிகள் சம்மதிப்பதில்லை. சேலத்தில் சம்மதித்தவர் ஒருவர்தான். அன்றைக்கு எங்கள் பட்டறைக்கு வந்த முதலாளியின் மகன். அப்பா காலமாகி வெகு காலம் ஆகிறது. மகனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. கார்த்திக்கு நான் சொன்னேன். அவர் குழந்தைவேலுவைக் காரில் கூட்டிவந்தார்.

காலை ஒன்பதரை மணிக்கு மணல் பெட்டியை மூடத் தயாராக இருந்தார்கள். வார்ப்பவருக்கு முப்பது வயதிருக்கும், பீகார்க்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். குழந்தைவேலுவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் எட்டிப் பார்த்தார்.

“கோருக்குக் காத்துப் போற வழி வெச்சிருக்கியா சாமி?”

“வெச்சிருக்கேன் தாத்தா.”

“எத்தனை?”

“ரெண்டு.”

“நாலு வை.”

“ரெண்டு போதும் தாத்தா. தினம் வைக்கிறேன்.”

“வைப்பே. தினமும் நாலு தண்டமாப் போவுமே, அதைச் சொல்லு.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வார்ப்பவரும் சிரித்துவிட்டு, கம்பியை எடுத்து இன்னும் இரண்டு துளை போட்டார். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு இரும்பை ஊற்றினார்கள். நான்கு துளையிலும் நீலமாகத் தீ எரிந்தது. குழந்தைவேலு அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஹெட்டைக் கடைந்து எருமப்பட்டிக்குக் கொண்டுபோனோம். ஆறு போல்ட்டும் கையாலேயே இறங்கின. கரிப் பீப்பாயைப் பற்றவைத்து, ஃபிளைவீலை மூன்று பேர் சேர்ந்து சுற்றினார்கள். நான்காவது முயற்சியில் பிடித்தது. பதினொரு நிமிடம் ஓடியது. கார்த்தியின் மனைவி தீவனக் கொட்டகையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிச் சொன்னார். கண்காட்சியிலிருந்து பதில் வந்திருக்கிறது; தனித்தாளை ஏற்றுக்கொண்டு, “பிற” என்ற பிரிவில் இடம் தந்திருக்கிறார்கள்.

இதை எழுதி முடித்த பிறகு ஒரு விவரத்தைச் சரிபார்க்க அம்மாபேட்டைக்குப் போன் செய்தேன். அந்தப் பவுண்டரிக்குள் இதற்கு முன் எப்போதாவது போயிருக்கிறாரா என்று கேட்டேன். மருமகள் அவரைக் கேட்டுச் சொன்னார். ஹெட் வார்த்த அன்றுதான் முதல் தடவை.